பார்க்காத வேலைக்கு மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள்

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகளை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு, தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் மேசையில் மூன்று படிவங்கள் கிடக்கின்றன. எட்டு வாரக் களப்பயிற்சிக்கு என்னிடம் வந்துபோன மூன்று மாணவர்களுக்கானவை அவை. ஒவ்வொரு படிவத்திலும் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ‘தகவல் தொடர்புத் திறன்’, ‘தரவுப் பகுப்பாய்வு’, ‘சமூகத்துடன் இணைந்து செயல்படுதல்’, ‘தலைமைப் பண்பு’ என்று வரிசையாகப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பும்படி கல்லூரியிலிருந்து நினைவூட்டலும் வந்துவிட்டது.

பல ஆண்டுகளாக இப்படிவங்களை நிரப்பி வருகிறேன். பெரும்பாலும் எல்லா வரியிலும் நான்கு போடுவேன். மனம் ஒப்பாத இடத்தில் மூன்று. ஒரு மாணவி ஊர் மக்களிடம் பேசியதை ஒருமுறைகூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ‘சமூகத்துடன் இணைந்து செயல்படுதல்’ என்ற வரியில் அவருக்கு நான்கு போட்டேன். நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பழகினார், அறிக்கையை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். அதையெல்லாம் வைத்து நான் பார்க்காத ஒன்றுக்குச் சான்று கொடுத்தேன். அது தவறு என்று எனக்கு அப்போதும் தெரியும். என்னைப் போன்ற மேற்பார்வையாளர்களில் பலர் அதே தவறைச் செய்கிறார்கள் என்பதும், உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் அந்தத் தவறின் மேல்தான் நிற்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பில் வயிற்றுப்போக்கு திடீரெனப் பரவியது. அப்போதுதான் முதுகலை முடித்து எங்கள் குழுவில் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் வீடுவீடாகச் சென்று விசாரிக்கும் பொறுப்பை ஏற்றார். நோய்ப்பரவலியலில் தன் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவர். முந்தைய நாள் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குள் போனார். தாயின் எதிரே அமர்ந்து, வினாப்பட்டியலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கேட்கத் தொடங்கினார். பெயர். வயது. வீட்டில் எத்தனை பேர். கழிப்பறை உண்டா. நான்காவது கேள்வியில் அந்தத் தாய் எழுந்து உள்ளே போய்விட்டார். மாலைக்குள் அந்தத் தெருவில் பாதி வீடுகள் எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து அவர் தொகுத்த நோயாளர் பட்டியலைக் கொண்டு, எந்த நாளில் எத்தனை பேர் நோயுற்றார்கள் என்று காட்டும் வளைவரையை வரைந்தபோது அதில் இரண்டு முகடுகள் தெரிந்தன. இரண்டாவதாக ஒரு தொற்று மூலம் இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்கத் தேடினோம். அப்படி எதுவும் இல்லை. சில பதிவேடுகளில் இருந்தது நோய் தொடங்கிய தேதி. சிலவற்றில் இருந்தது நோயாளி சிகிச்சைக்கு வந்த தேதி. இரண்டையும் அவர் ஒரே பத்தியில் சேர்த்திருந்தார். வயதுப் பத்தியில் ‘8’ என்று இருந்தால் அது எட்டு மாதமா எட்டு ஆண்டா என்று கேட்டுச் சரிபார்க்கவில்லை. ஒரே குழந்தை இரண்டு எழுத்துக்கூட்டலில் இருமுறை எண்ணப்பட்டிருந்தது.

அவர் சோம்பேறி அல்லர், அறியாதவரும் அல்லர். ‘நோய் தொடங்கிய தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக’ என்று தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “படிக்கும்போது எத்தனை பேரை நேர்காணல் எடுத்திருக்கிறீர்கள்?” வகுப்புத் தோழர்களை இருமுறை என்றார். “யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தார்களா?” என்று கேட்டதற்கு, “அறிக்கையைப் பார்த்தார்கள், சார்” என்றார்.

அந்த விடை என்னை இன்றுவரை விடவில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பில் அந்த இளைஞர் எழுதியதையெல்லாம் யாரோ படித்திருக்கிறார்கள். அவர் செய்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்து காட்டிய பிரமிடை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அடித்தளத்தில் ‘தெரியும்’, அதன் மேல் ‘எப்படிச் செய்வது என்று தெரியும்’, அடுத்து ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘வேலையில் உண்மையாகவே செய்கிறார்’. உங்கள் பாடத்திட்ட ஆவணங்களில் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் தேர்வுகள் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. பலவுள் தெரிவு வினா முதல் படியைத் தொடுகிறது. கட்டுரையும் திட்ட அறிக்கையும் இரண்டாம் படியை எட்டுகின்றன. களப்பயிற்சி முடிந்ததும் என்னிடம் வரும் படிவம் ஒரே தாவலில் உச்சிக்குப் போய், அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைப் போடச் சொல்கிறது.

இந்த இழுபறி இன்று தொடங்கியதன்று. 1915இல் நோயியல் அறிஞர் வில்லியம் வெல்ச்சும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த விக்லிஃப் ரோஸும் பொதுச் சுகாதாரக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அறிக்கை தயாரித்தபோதே, களத்தில் இறங்கி வேலை செய்யும் அதிகாரிகளை உருவாக்குவதா, ஆய்வகத்தையும் ஆராய்ச்சியையும் மையமாக வைப்பதா என்ற கேள்வி இருவருக்கும் இடையில் இருந்தது. மறு ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பள்ளி ஆராய்ச்சியின் பக்கம் சாய்ந்தது. உலகின் பல பள்ளிகள் அதைப் பார்த்தே வளர்ந்தன. ஆராய்ச்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளரை மதிப்பிடும் கருவிகளைக் கொண்டே களப்பணியாளரையும் மதிப்பிட்டு வருகிறோம் என்கிறேன்.

இதற்கு மாறான மரபும் நம் துறைக்குள்ளேயே இருக்கிறது. 1951இல் அலெக்சாண்டர் லாங்மியூர் அமெரிக்காவில் தொடங்கிய கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணியின் சின்னத்தில் அடிப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்த ஒரு காலணி இருக்கிறது. பயிற்சி அதிகாரியை உண்மையான நோய்ப்பரவலுக்கு அனுப்பி, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் வேலை செய்யவைத்துத்தான் கற்பித்தார்கள். 1980இல் தாய்லாந்தில் தொடங்கிய களநோய்ப்பரவலியல் பயிற்சித் திட்டமும், பின்னர் பல நாடுகளில் வந்தவையும் அதே வழியில்தான் நடக்கின்றன. அங்கே மேற்பார்வையாளர் என்பவர் கடைசி வாரத்தில் படிவம் நிரப்புபவர் அல்லர். முதல் நாளிலிருந்து உடன் நடப்பவர்.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் பள்ளிகளை அங்கீகரிக்கும் குழு 2016இல் தன் விதிகளை மாற்றியது. முதுகலைப் பட்டத்துக்கு 22 அடிப்படைத் திறன்களை வகுத்தது. மாணவர் களத்தில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று எண்ணுவதைவிட, குறைந்தது ஐந்து திறன்களைக் காட்டும்படி, களத்துக்குப் பயன்படும் குறைந்தது இரண்டு ஆக்கங்களை அவர் உருவாக்கியிருக்க வேண்டும் என்று கேட்டது. நல்ல மாற்றம்தான், மறுக்கமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்த மணிகளை எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஆக்கம் என்பது வேலையின் எச்சம் மட்டுமே. ஒரு கொள்கைக் குறிப்பு என் கைக்கு வரும்போது, அதில் மாணவருடைய பங்கு எவ்வளவு, அலுவலகத்தில் யாரோ திருத்திக் கொடுத்தது எவ்வளவு, பழைய குறிப்பிலிருந்து வந்தது எவ்வளவு என்று எப்படிச் சொல்வேன்? இப்போது நொடியில் எழுதித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அறிக்கையின் மொழியழகை வைத்து ஆளை எடைபோடும் காலம் முடிந்துவிட்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இங்கேதான் மருத்துவத்திலிருந்து நாம் வேறுபடுகிறோம். மருத்துவ மாணவரைச் சோதிக்கப் படுக்கையும் நோயாளியும் இருக்கின்றன. நம் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. பத்துப் பேர் சேர்ந்து செய்வது. வெற்றி பெற்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது. வராமல்போன நோயை யாரிடம் காட்டுவது? ‘எங்கள் வேலையை நேரில் பார்த்து மதிப்பிட முடியாது’ என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டிருக்கிறார். முழு வேலையையும் பார்க்க முடியாது என்பது சரி. அதன் மூட்டுகளைப் பார்க்கலாம். எந்த இடத்தில் சறுக்கினால் மொத்த வேலையும் சரியுமோ, அந்த இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தில் பார்க்கக்கூடியது.

நோயாளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வகத் தேர்வுகளில் மாணவருக்குக் கொடுக்கப்படும் தரவு குளித்துத் தலைவாரி வந்த குழந்தை போல இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் நிரம்பியிருக்கும், ஒவ்வொரு தேதியும் ஒரே வடிவில் இருக்கும். மாணவர் தாக்கு விகிதத்தைக் கணக்கிட்டு, ஒப்பு ஆபத்தைக் கண்டு, நம்பக இடைவெளி போட்டுவிடுவார். அது கணக்குத் திறன். களத்தில் வருவது மூன்று கையெழுத்துகளில் நிரப்பிய பதிவேட்டின் மங்கலான நகல். அப்படிப்பட்ட எண்பது வரிப் பட்டியலை நீங்களே தயாரிக்கலாம். இரட்டைப் பதிவுகள் நான்கு, அலகில்லாத வயது பத்து இடத்தில், தேதிக் குழப்பம் ஒரு மருத்துவமனையின் பதிவுகள் முழுக்க, நோயாளர் வரையறைக்குள், அதாவது யாரை நோயாளராக எண்ணுவது என்ற விதிக்குள், வராத இருவர். மாணவர் அதைக் கையில் வாங்கியதும் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உடனே கணக்குப் போடத் தொடங்குகிறாரா? அல்லது ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு, ‘இதை நிரப்பியவரிடம் தொலைபேசியில் பேச முடியுமா’ என்று கேட்கிறாரா? அந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் அன்றே வேலைக்கு எடுத்துக்கொள்வேன். உங்கள் விடைத்தாளில் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது.

நேர்காணலையும் அப்படியே சோதிக்கலாம். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மருத்துவ மாணவர்களைச் சோதிக்கும் முறையை ஹோவர்டு பாரோஸ் 1963லேயே தொடங்கிவிட்டார். நமக்குத் தேவை நோயாளி மட்டுமல்லர். துக்கத்தில் இருக்கும் தாய், ‘எங்கள் பகுதிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்’ என்று கோபப்படும் உள்ளூர்ப் பிரதிநிதி, இன்னும் உறுதியாகாத ஒன்றை உறுதியென்று சொல்லவைக்கத் துடிக்கும் செய்தியாளர், இரண்டே நிமிடம் தரும் உயரதிகாரி. இந்த நால்வரிடமும் மாணவர் பேசிப் பார்க்க வேண்டும். அதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். துக்க வீட்டில் முதல் ஐந்து நிமிடம் வினாப்பட்டியலை மூடி வைக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே அறிக்கையை எழுதிவிட முடியும். நேரில் பார்த்தால் மட்டுமே இருவருக்கும் உள்ள தொலைவு தெரியும்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத கனவு என்று யாரும் சொல்ல வேண்டாம். ரொனால்டு ஹார்டனும் அவர் சகாக்களும் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் உருவாக்கி 1975இல் வெளியிட்ட, நிலையம் நிலையமாக நகர்ந்து செய்துகாட்டும் தேர்வு முறை இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. பிரிட்டனில் பொதுச் சுகாதார நிபுணர்களுக்கான அமைப்பு அதைத் தன் உறுப்பினர் தேர்விலேயே வைத்திருக்கிறது. தேர்வர் ஆவணங்களைப் படித்துத் தயாராகி, எதிரே இருப்பவரிடம் நேருக்கு நேர் விளக்கியாக வேண்டும். நிபுணர் நிலையில் முடிகிறதென்றால் முதுகலையில் அதன் சிறு வடிவம் ஏன் முடியாது?

நேரமில்லை என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் ஆறுமுறை, முறைக்கு இருபது நிமிடம் பார்த்தால் மொத்தம் 120 மணி நேரம். பத்து ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி. இப்போது என்ன செய்கிறீர்கள்? அறுபது களப்பயிற்சி அறிக்கைகள். ஒவ்வொன்றையும் இருவர் திருத்துகிறார்கள். ஒருவருக்கு ஒன்றரை மணி என்று குறைத்து வைத்தாலும் 180 மணி நேரம். அந்த அறிக்கையைப் பத்துப் பக்கமாகச் சுருக்குங்கள். மிச்சமாகும் நேரத்தில் மாணவரை எதிரே உட்காரவைத்து, அவர் எழுதியதைப் பற்றியே பதினைந்து நிமிடம் கேளுங்கள். ‘நோயாளர் வரையறையில் காய்ச்சலை ஏன் சேர்க்கவில்லை?’ ‘இந்த வீடுகளை யார் தேர்ந்தெடுத்தது?’ ‘உங்கள் பரிந்துரையை ஏற்க மறுத்தவர் யார், அவர் சொன்ன காரணம் என்ன?’ செய்தவர் தயங்காமல் சொல்வார். தயங்கினாலும் அந்தத் தயக்கத்துக்குள் வேலையின் வாசனை இருக்கும்.

ஆறுமுறை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டுவது, பார்க்காமல் முடிவு கட்டுவதைவிடச் சற்றுத்தான் மேல். மருத்துவர்கள் நோயை எப்படி ஊகித்து அறிகிறார்கள் என்று ஆர்தர் எல்ஸ்டீனும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. ஒரு நோயாளியிடம் சிறப்பாகச் செயல்பட்டவர் அடுத்த நோயாளியிடமும் அப்படியே செயல்படுவார் என்று சொல்ல முடியாது என்பதே அது தந்த பெரிய அதிர்ச்சி. திறன் என்பது ஆளுக்குள் அசையாமல் இருக்கும் பொருளன்று. எதிரே இருக்கும் சிக்கலோடு சேர்ந்தே அது வெளிப்படுகிறது. தண்ணீர் மூலம் பரவும் நோயில் கெட்டிக்காரர் தடுப்பூசித் தயக்கத்தில் திணறலாம். ஆகவே வெவ்வேறு சிக்கல்கள், வெவ்வேறு நாட்கள், வெவ்வேறு பார்வையாளர்கள். எண்ணிக்கை கூடக்கூடத்தான் தீர்ப்பு நியாயமாகும்.

வெவ்வேறு பார்வையாளர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரில் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. சரளமாகப் பேசுபவரை நாம் திறமைசாலி என்று எண்ணிவிடுகிறோம். குரல் உயர்த்தாத மாணவிக்குத் தலைமைப் பண்பில் ஒரு மதிப்பெண் குறைகிறது; அதே அமைதி ஒரு மாணவரிடம் இருந்தால் ‘நிதானம்’ என்று எழுதப்படுகிறது. இதை நான் பிறரிடமும் கண்டிருக்கிறேன், என் பழைய படிவங்களைப் புரட்டியபோது என்னிடமும் கண்டேன். எனவே எண் போடுவதற்கு முன், பார்த்தது என்ன, கேட்டது என்ன என்று மூன்று வரி எழுதியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். ‘நன்றாகப் பேசினார்’ என்பதற்கு எந்த எடையும் இல்லை. ‘மூன்று முறை இடைமறித்தும் பொறுமையாக எண்ணிக்கையைத் திரும்பச் சொன்னார், ஆனால் உறுதியாகாத ஆய்வக முடிவை வாய்தவறி வெளியிட்டுவிட்டார்’ என்பதற்கு எடை உண்டு. மாணவருக்கும் அதிலிருந்துதான் கற்க ஏதாவது கிடைக்கும்.

மதிப்பீட்டு அட்டவணைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது கட்டங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் நியாயமானது போலத் தோன்றும். தன்னை அறிமுகப்படுத்தினாரா, ஒப்புதல் கேட்டாரா, நன்றி சொன்னாரா என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். பிரையன் ஹாட்ஜஸும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பட்டியலை வைத்து மதிப்பிட்டபோது அனுபவம் மிக்க மருத்துவர்கள் இளையவர்களைவிடக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். தேர்ந்தவர் எல்லாக் கேள்வியையும் கேட்பதில்லை. தேவையானதை நேரே போய்த் தொடுகிறார். சரிபார்ப்புப் பட்டியல் தொடக்கநிலைக்காரரின் ஒழுங்கைத்தான் அளக்கும். எனவே பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை அனுபவசாலியின் கையில் கொடுங்கள்.

அந்தத் தீர்ப்பை எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஓல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த எண்ணம் ஒன்று எனக்கு மிகவும் உகந்தது. ஒருவரிடம் எந்தெந்த வேலையை நம்பி ஒப்படைக்கலாம் என்பதே மதிப்பீடு. ‘தலைமைப் பண்புக்கு ஐந்தில் எத்தனை?’ என்று கேட்டால் நான் திகைக்கிறேன், நான்கு போடுகிறேன். ‘நாளை காலை ஒரு நோய்ப்பரவல் பற்றித் தகவல் வந்தால், முதல் நாள் விசாரணைக்கு இவரைத் தனியே அனுப்புவீர்களா?’ என்று கேளுங்கள். எனக்கு உடனே விடை தெரியும். இவர் அருகில் நின்று பார்க்கட்டும். அல்லது நான் உடனிருக்க இவர் செய்யட்டும். அல்லது தொலைபேசியில் கூப்பிடும் தூரத்தில் நான் இருந்தால் போதும். அல்லது தனியே போகட்டும். அல்லது அடுத்தவருக்கு இவரே கற்றுத் தரட்டும். இந்த ஐந்து படிகளில் ஒன்றைச் சொல்லும்போது என் பெயரும் என் குழுவின் பெயரும் அந்தக் குடியிருப்பின் நலனும் என் கண்முன் வந்து நிற்கின்றன. பொய் சொல்ல மனம் வராது.

மேற்பார்வையாளர்கள் ஏன் யாரையும் தோல்வியுறச் செய்வதில்லை என்று நீங்கள் வியப்பதுண்டு. சொல்கிறேன். எங்களுக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை. பயிற்சி கொடுக்கப்படவில்லை. படிவம் கடைசி வாரத்தில் வருகிறது. அதுவரை எதுவும் எழுதிவைக்காத நான் திடீரென்று ‘தேறவில்லை’ என்று எழுதினால் மாணவர் சான்று கேட்பார், என்னிடம் இருக்காது. ஒருமுறை துணிந்து ஒரு மாணவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டு விளக்கமும் எழுதினேன். கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பேசியவர், அந்த மாணவருக்கு எதில் உதவி தேவை என்று கேட்கவில்லை. ‘பட்டமளிப்பு நெருங்குகிறது, மறுபரிசீலனை செய்ய முடியுமா?’ என்று கேட்டார். நான் செய்தேன். அந்த மாணவரை அவருக்குத் தேவையான இரண்டு மாதக் கூடுதல் பயிற்சியிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து விலக்கிவைத்தோம்.

குழுப்பணி மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பேரில் ஒருவர் இரவெல்லாம் விழித்து முடித்ததற்கு ஐவருக்கும் ஒரே எண் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவரின் தன்னம்பிக்கையைக் கேட்டு, அது கூடியிருந்தால் திறன் கூடியதாக எழுதும் வழக்கமும் நிற்க வேண்டும். திறன் குறைந்தவரே தன்னை மிகையாக மதிப்பிடுகிறார் என்று டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் 1999இல் எழுதியது இன்று தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும். மாணவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது பேசுவதற்கு நல்ல தொடக்கம். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எனவே என் வேண்டுகோள்கள் இவை. களப்பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் முதல் வாரத்திலேயே, அவரிடம் எந்த நான்கைந்து வேலைகளை நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பாதிக் காலத்தில் ஒருமுறை உங்கள் ஆசிரியர் ஒருவர் களத்துக்கு வரட்டும். அலுவலக அறையில் தேநீரோடு நலம் விசாரித்துவிட்டுப் போகாமல், மாணவரோடு ஒரு தெருவாவது நடக்கட்டும். மேற்பார்வையாளர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள். ஒரே நேர்காணலின் காணொளியைப் பத்துப் பேரிடம் காட்டி, தனித்தனியே மதிப்பிடச் சொல்லி, ஏன் வேறுபட்டோம் என்று பேசவைத்தால் போதும். நாங்கள் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று எழுதினால், அதைத் தண்டனையாகக் கொள்ளாமல், கூடுதல் வாரங்களைத் திறந்துவிடும் அனுமதியாகக் கொள்ளுங்கள். அதற்கான இடத்தைக் கல்வியாண்டின் நாட்காட்டியிலேயே முன்கூட்டி விட்டுவையுங்கள். பட்டமளிப்புக்கு இரண்டு வாரம் முன்பு எந்த உண்மையும் எடுபடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு மாற்றம் செய்ய மனமிருந்தால், இதைச் செய்யுங்கள். படிவத்தின் ஒவ்வொரு வரியிலும் ‘நான் இதை நேரில் பார்க்கவில்லை’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு பருவம் முடிந்ததும் எத்தனை மேற்பார்வையாளர்கள் எத்தனை கட்டங்களில் டிக் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்தத் திறனை உங்கள் பள்ளியில் யாருமே பார்ப்பதில்லை என்று அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.

அந்த இளைஞர் இப்போது எங்கள் குழுவில் மூத்தவர்களுள் ஒருவர். அந்தத் தெருவில் மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். முதல் மூன்று வீடுகளில் நான் பேச, அவர் பார்த்தார். அடுத்த ஐந்தில் அவர் பேச, நான் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வந்ததும் வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசிக்கொண்டோம். ஒன்பதாவது வீட்டுக்கு அவர் தனியே போனார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நாள். இரண்டு ஆண்டுகளில் அந்த ஒரு நாளை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

மூன்று படிவங்களையும் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவேன். மூவரில் இருவர் தரவைக் கையாண்டதை நேரில் பார்த்தேன். அவற்றுக்கு மதிப்பெண்ணும் விளக்கமும் இருக்கும். ஒருவர் ஊர்க் கூட்டத்தில் பேசியதைக் கேட்டேன், அதையும் எழுதியிருக்கிறேன். மற்ற வரிகளில் எண் இருக்காது. அங்கெல்லாம் ஒரு சிறு கட்டத்தைக் கையால் வரைந்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டிருக்கிறேன். படிவம் நிறைவு பெறவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். அந்த மாணவர்களை இன்னும் மூன்று வாரம் என்னிடம் அனுப்பினால், மீதியையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
களப்பயிற்சி மேற்பார்வையாளர் ஒருவர்